சத்தம் எதுவரைக்கும் வருது?

கிட்டாரின் சத்தத்தை மாற்றுவதற்காகக் காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டிதான் பெடல். என் முதல் பெடலைக் கட்டி முடித்தபோது இரவு பதினொரு மணி இருக்கும். பெரம்பூர் வீட்டு மாடி அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, தரையில் பழைய தினத்தாளை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் கிட்டார், இன்னொரு பக்கம் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கிக் கேட்கவைக்கும் சின்ன பிராக்டிஸ் ஆம்ப், நடுவில் உள்ளங்கை அகல வெரோ போர்டு, அதாவது செம்புப் பட்டைகள் ஓடும் ஓட்டைப் பலகை. அதில் நான்கு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு வால்யூம் கண்ட்ரோல், அவ்வளவுதான். அமெரிக்காவின் எலக்ட்ரோ ஹார்மானிக்ஸ் நிறுவனம் 1960-களின் கடைசியில் கொண்டுவந்த எல்பிபி-1 என்ற பூஸ்டரின் சர்க்யூட் அது. கிட்டாரின் சத்தத்தைப் பல மடங்கு பெருக்கி ஆம்புக்குள் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. முதல் முறை கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சர்க்யூட் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

பேட்டரியை மாட்டி, பிளக்கைச் சொருகி, தடித்த கம்பியைத் தட்டினேன். சத்தம் வந்தது. ஆனால் பெருகவில்லை. சளி பிடித்த தொண்டையில் பாடுவது மாதிரி மங்கலாக, அடைத்துக்கொண்டு வந்தது. பெடலைக் கழற்றிவிட்டு நேராக வாசித்தால் அதைவிட நன்றாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் நான் செய்ததை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். டிரான்சிஸ்டரைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டேன். கெபாசிட்டர்களை மாற்றினேன். எல்லா முனைகளிலும் மறுபடி ஈயம் வைத்தேன். ஒரே இடத்தில் நான்காவது முறை சூடு பட்டதும் போர்டின் செம்புப் பட்டை உரிந்து கையோடு வந்துவிட்டது. சர்க்யூட்டில் எது கெட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துத் தெருவில் முப்பது வருடத்துக்கு மேல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாமாதான். போர்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். எதையெல்லாம் மாற்றினேன் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நீ எதை மாத்தினேன்னு நான் கேக்கலப்பா. சத்தம் எதுவரைக்கும் நல்லா வருது? அதைச் சொல்லு.”

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இன்று யார் பெடலைக் கொண்டுவந்து கொடுத்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

மாமா ஒரு கருவி செய்து கொடுத்தார். கருவி என்பது பெரிய வார்த்தை. ஒரு பழைய கிட்டார் கேபிளை நடுவில் வெட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய ஒயரின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தார். கடையில் 104 என்று அச்சிட்டுக் கிடைக்குமே, அந்தச் சின்ன கெபாசிட்டர்தான். வெளியே பின்னியிருக்கும் எர்த் ஒயரில் ஒரு முதலை கிளிப். கேபிளின் மறுமுனை பிளக் ஆம்புக்குள் போகும். கிளிப்பை பெடலின் எர்த்தில் கடிக்க வைத்துவிட்டு, கிட்டாரை ஒருவர் தட்டிக்கொண்டிருக்க, கெபாசிட்டரின் காலால் சர்க்யூட்டை ஒவ்வொரு இடமாகத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் என்ன சத்தம் ஓடுகிறதோ அது ஆம்பில் கேட்கும். நுனியில் கெபாசிட்டர் இருப்பதால் பேட்டரியின் டிசி வோல்டேஜ் ஆம்புக்குள் போகாது. கிட்டாரின் சத்தம் மட்டும் போகும். ரேடியோக்காரர்கள் இதை சிக்னல் டிரேசர் என்பார்கள். ஆள் இல்லாவிட்டால் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டு அதைப் பெடலின் இன்புட்டில் கொடுக்கலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இது 9 வோல்ட்டில் ஓடும் பெடல்களுக்கு மட்டும். வால்வு ஆம்புக்குள் இதை நீட்டவே கூடாது. அங்கே உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். கரண்டை அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும்.

இன்புட் ஜாக்கில் தொட்டோம். கிட்டார் வந்தது, ஆனால் அங்கேயே மங்கியிருந்தது. முதல் கெபாசிட்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டுத் தொட்டோம், பளிச்சென்று வந்தது. அப்படியென்றால் கிட்டாரை டிரான்சிஸ்டர்தான் அமுக்குகிறது. சரி, மல்டிமீட்டரை எடு என்றார். கறுப்பு ஒயர் எர்த்தில். சிவப்பு டிரான்சிஸ்டரின் மேல் முனையில், அதாவது 10 கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர் சேரும் இடத்தில். அங்கே பேட்டரியில் பாதி அளவு, நான்கைந்து வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் எட்டுக்கு மேல் காட்டியது. டிரான்சிஸ்டர் ஏறக்குறைய வேலையே செய்யாமல் தூங்குகிறது என்று அர்த்தம்.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டிரான்சிஸ்டரின் மேல் இருந்த எழுத்தைப் படித்தார். “பிசி 547. உன் படத்துல என்ன போட்டிருக்கு?”

என் சர்க்யூட் படத்தில் இருந்தது 2என் 3904. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டபோது கடைக்கார அண்ணன், “அது இல்ல தம்பி, இதைப் போடுங்க, ரெண்டும் என்பிஎன்தான்” என்று கொடுத்திருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டும் ஒன்றுக்குப் பதில் ஒன்று போடக்கூடியவைதான். ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், 2என் 3904-இன் கால்கள் இடமிருந்து வலம் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி 547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். நேர் தலைகீழ். மூன்று நாளில் நான் மாற்றிய மூன்று டிரான்சிஸ்டரும் நல்லவைதான். மூன்றையும் ஒரே மாதிரித் திருப்பி வைத்திருந்தேன்.

கழற்றி, அரை வட்டம் திருப்பி, பற்றவைத்தோம். மீட்டர் 4.8 காட்டியது. கம்பியைத் தட்டினேன். கடையின் தகரக் கூரை அதிர்ந்தது.

அன்றிலிருந்து எந்த டிரான்சிஸ்டராக இருந்தாலும் முதலில் எந்தக் கால் எது என்று சொல்லும் அதன் டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஈயக்கோலைச் சூடாக்குவேன். எல்பிபி-1 கட்டப் போகிறவர்களுக்கு இன்னொரு சின்ன விஷயம்: படத்தில் 430 கே, 43 கே என்று இருக்கும். சின்னக் கடைகளில் இவை கிடைக்காது. 470 கே, 47 கே போடுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாததால் டிரான்சிஸ்டருக்குப் போகும் வோல்டேஜும் மாறாது.

ஐசி, அதாவது சில்லு வைத்த பெடல்களுக்கும் மீட்டர் இதே மாதிரி பேசும். டிஎல் 072 போன்ற எட்டுக் கால் ஐசியில் எட்டாம் காலில் 9 வோல்ட், நான்காம் காலில் பூஜ்யம், ஒன்றிலும் ஏழிலும் ஏறக்குறைய 4.5 இருக்க வேண்டும். ஒன்றில் 4.5, ஏழில் 8 என்று வந்தால் ஏழாம் காலைச் சுற்றியுள்ள நான்கைந்து பாகங்களை மட்டும் பார்த்தால் போதும். ஐம்பது பாகம் உள்ள போர்டு நான்கு பாகமாகச் சுருங்கிவிடும்.

டிரை சால்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் பெடல்களில் பாதிக்கு மேல் நோய் அதுதான். ஈயம் முனையைச் சுற்றி உருண்டையாக உட்கார்ந்திருக்கும், பார்வைக்கு ஒட்டியிருப்பது போலவே இருக்கும், ஆனால் பிடித்திருக்காது. காலால் பெடலை மிதித்தால் ஒரு முறை சத்தம் வரும், மறுமுறை கரகரவென்று போகும். நல்ல பற்று எப்படி இருக்கும் என்றால், கம்பியிலிருந்து பட்டைக்கு ஒரு சின்ன மலைச்சரிவு மாதிரி ஈயம் வழிந்து இறங்கியிருக்கும். ஈயத்தைக் கோலின் நுனியில் உருக்கி எடுத்துப்போய் ஒட்டக் கூடாது. கோலின் நுனியை கம்பியும் பட்டையும் சேரும் இடத்தில் வைத்து, இரண்டும் சூடாக இரண்டு நொடி விட்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து ஈயத்தைக் கொடுக்க வேண்டும். அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். 63/37 கலவை ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) கிடைத்தால் அதையே வாங்குங்கள். 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக உறையும். 60/40 உறைவதற்கு முன் சற்று நேரம் கூழாக இருக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் டிரை சால்டர் விழும். கோல் 25 வாட் போதும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காரீயம் அது.

பெடலில் காலால் மிதிக்கும், ஒன்பது இணைப்புக் கால் உள்ள சுவிட்ச்சுக்கு மட்டும் இந்த நிதானம் இன்னும் வேண்டும். அதிக நேரம் சூடு வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, கால் சாய்ந்து, சுவிட்ச் செத்துவிடும். ஒரு காலை முடித்ததும் பக்கத்துக் காலுக்குப் போகாமல் தூரத்துக் காலுக்குப் போகிறேன்.

அப்புறம் டப்பா. பெடல் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க விரும்புவது அலுமினியத்தில் வார்த்த ஹாமண்ட் பெட்டிகளை. தொடங்கும்போது எனக்கு அது கட்டுப்படியாகவில்லை. முதலில் சோப்பு டப்பாவில் கட்டினேன்; டியூப்லைட் போட்டால் போதும், உம்ம்ம் என்று ஆம்ப் பாட ஆரம்பித்துவிடும். அப்புறம் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஓட்டை போட முயன்று இரண்டு டிரில் பிட்டைத் தேய்த்தேன். கடைசியில் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைத்தது விடை: சுவரில் பதிக்கும் இரும்பு சுவிட்ச் பெட்டி. மேலே ஒரு அலுமினியத் தகடை ஸ்குரூ போட்டு மூடிவிட்டால் யானை மிதித்தாலும் தாங்கும். ஆனால் உலோகம் சுற்றியிருந்தால் மட்டும் போதாது, அந்த உலோகம் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். ஜாக்கின் உடம்பு பெட்டியை நன்றாகத் தொட்டாலே அது நடந்துவிடும். பெயின்ட் அடித்த பெட்டி என்றால் ஜாக் உட்காரும் இடத்தில் உள்பக்கம் சுரண்டிவிடுங்கள்.

பெட்டிக்கு வெளியே வேலை செய்த போர்டு, பெட்டிக்குள் வைத்ததும் ஊமையாகிவிட்டதா? வால்யூம் கண்ட்ரோலின் முதுகையும் போர்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பத்தில் எட்டு முறை ஏதோ ஒரு கம்பி பெட்டியில் இடித்துக்கொண்டிருக்கும். நான் இப்போது போர்டின் அடியில் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒரு துண்டு வெட்டி வைக்கிறேன். கெட்டியாக இருக்கும், கரண்ட் கடத்தாது.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று பலர் கேட்பார்கள். பெடல்களில் தனியாக ஆன் சுவிட்ச் இருக்காது. இன்புட்டில் ஸ்டீரியோ ஜாக்கைப் போட்டு, அதன் நடு வளையத்தில் பேட்டரியின் மைனஸை இணைத்திருப்பார்கள். கிட்டாரின் மோனோ பிளக் உள்ளே போனதும் அதன் உடம்பு வளையத்தையும் எர்த்தையும் சேர்த்துவிடும். பெடல் உயிர் பெறும். எவ்வளவு அழகான யோசனை! ஆகவே வாசித்து முடித்ததும் இன்புட் பிளக்கை உருவிவிடுங்கள்.

அடாப்டர் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் பிளக்கின் நடுக்குழி மைனஸ். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடு பிளஸ். நண்பன் வீட்டில் அவசரத்துக்கு மாற்றிச் சொருகி ஒரே நொடியில் ஒரு ஐசியைப் புகைத்திருக்கிறேன். அதன் பிறகு நான் கட்டும் எல்லாவற்றிலும் வோல்டேஜ் வரும் வழியில் 1என் 5817 டயோடு ஒன்று காவலுக்கு நிற்கிறது. தலைகீழாகச் சொருகினால் கரண்ட் உள்ளே போகாது. சரியாகச் சொருகினால் அது தின்பது கால் வோல்ட் அளவுதான். டயோடுக்கு அடுத்து ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும், அதற்கு அப்பால் எர்த்துக்கு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் அடாப்டரின் இரைச்சலில் பெரும்பகுதி வாசலிலேயே அடங்கிவிடும். இரைச்சல் அடாப்டருடையதா சர்க்யூட்டுடையதா என்று சந்தேகம் வந்தால், பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் அமைதியாக இருந்தால் போர்டைத் தொடவே வேண்டாம்.

இனி ஃபஸ் பெடல், கிட்டாரின் சத்தத்தைக் கிழித்து உறும வைப்பது. எனக்கு இதில்தான் உயிர்.

ஃபஸ் பிறந்ததே ஒரு பழுதிலிருந்து. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு ரெக்கார்டிங்கின்போது மிக்ஸிங் கன்சோலின் ஒரு சேனல் கெட்டுப்போய், பேஸ் கிட்டாரின் சத்தம் கிழிந்து உறுமியது. அந்தப் பாட்டு 1961-இல் அப்படியே வெளிவந்து ஓடியது. மற்றவர்களும் அதே சத்தத்தைக் கேட்டு வரவே, இன்ஜினியர் கிளென் ஸ்னாடி வேண்டும்போது அதை எழுப்புகிற மாதிரி டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு சர்க்யூட் அமைத்தார். அதை கிப்சன் நிறுவனம் 1962-இல் மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழுது எங்கே என்று பொறுமையாகத் தேடிய ஒருவரால் நமக்கு ஒரு வாத்தியமே கிடைத்திருக்கிறது.

நான் கட்டியது 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸின் சர்க்யூட். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்த அதே வட்டப் பெட்டி. இரண்டே டிரான்சிஸ்டர். முதலில் இன்று எங்கும் கிடைக்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டர்களில் கட்டினேன். ஒரு நாள் இரவு கிட்டாரின் வால்யூமைக் குறைத்து வைத்திருந்தபோது, ஆம்புக்குள்ளிருந்து மெல்லிய குரலில் ஒரு பெண் தமிழில் செய்தி வாசித்தார். மெய் சிலிர்த்துவிட்டது. மறுநாள் மாமாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறக்க முடியாது. “நீ ரேடியோ கட்டியிருக்கப்பா!” என்றார். கிட்டார் கேபிள் ஏரியல் மாதிரி மீடியம் வேவைப் பிடித்திருக்கிறது. முதல் டிரான்சிஸ்டரின் உள்ளே இருக்கும் ஜங்ஷன் அதைப் பிரித்துக் குரலாக்கியிருக்கிறது. மிச்சத்தை ஃபஸ்ஸின் பெருக்கம் பார்த்துக்கொண்டது. இன்புட்டில் வரிசையாக ஒரு 1 கே ரெசிஸ்டரும், முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பிகோஃபாரட் கெபாசிட்டரும் போட்டதும் செய்தி நின்றது. கிட்டாரின் குணம் மாறவில்லை.

ஜெர்மேனியத்தில் செய்த பழைய வகை டிரான்சிஸ்டர் வேண்டும் என்று ஆசைப்பட்டபோது மாமா பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். இறந்துபோன ரேடியோக்களிலிருந்து கழற்றி வைத்த டிரான்சிஸ்டர்கள். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஏசி 128, சின்ன வெள்ளித் தொப்பி மாதிரி, கால்கள் கறுத்து. இங்கிலாந்தில் தேடித் தேடி வாங்குகிற அதே எண். ஏழு தேறின.

ஜெர்மேனியத்தை அப்படியே போட முடியாது. கசிவு, அதாவது பேஸ் சும்மா இருக்கும்போதே ஒழுகுகிற கரண்ட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பேஸை எதிலும் இணைக்காமல் விட்டு, 9 வோல்ட்டில் கலெக்டர் வழியில் 2.4 கே ரெசிஸ்டர் வைத்து, அந்த ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே அளந்தால் போதும். 0.24 வோல்ட் என்றால் 100 மைக்ரோஆம்பியர் கசிவு. அது நல்ல டிரான்சிஸ்டர். 300-ஐத் தாண்டினால் நான் ஒதுக்கிவிடுவேன். அளக்கும்போது ஒன்று செய்து பாருங்கள்: அந்த வெள்ளித் தொப்பியை இரண்டு விரலால் மெல்லப் பிடியுங்கள். மீட்டரில் எண் ஏறும். 0.24, 0.27, 0.31… உங்கள் உடம்புச் சூட்டுக்கே அது கசிகிறது. விரலை எடுத்தால் மெல்ல இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, கையில் இருப்பது ஒரு உயிர் என்றே தோன்றியது. பத்து டிகிரி ஏறினால் கசிவு சுமார் இரண்டு மடங்கு. ஆகவே அளந்து முடித்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட் வைத்துச் சொருகுங்கள்.

ஏசி 128 பிஎன்பி வகை; முன்பு சொன்ன என்பிஎன்னுக்குப் பிளஸ், மைனஸ் தலைகீழ். இந்த சர்க்யூட்டில் எர்த்தாக இருப்பது பேட்டரியின் பிளஸ். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இதைச் சேர்த்துவிட்டால் பிளஸும் மைனஸும் நேராக ஷார்ட் ஆகும். இதற்குத் தனி பேட்டரி கொடுங்கள். கிட்டாரிலிருந்து வரும் முதல் பெடலாகவும் இதையே வையுங்கள். முன்னால் வேறு பெடல் உட்கார்ந்தால், கிட்டாரின் வால்யூமைக் குறைத்ததும் சத்தம் தெளிகிற அந்த அழகு போய்விடும்.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 8.2 கே என்று படத்தில் இருக்கும். அங்கே ஸ்குரூ டிரைவரால் திருகி அளவை மாற்றக்கூடிய 20 கே டிரிம்மர் ஒன்றைப் போட்டு, அந்த இடத்தின் வோல்டேஜை 4.5-க்குத் திருகி வைத்தேன். டிசம்பர் மாதம் அது. மாமா வந்து உட்கார்ந்து கேட்டார். சத்தம் நெய் மாதிரி இழைந்து நின்றது.

மே மாதத்தில் அதே பெடல் திக்க ஆரம்பித்தது. கம்பியைத் தட்டினால் சத்தம் எழும், பாதியில் அறுந்து, பொரிகிற மாதிரி விட்டு விட்டு வரும். இந்த முறை ஒரு பாகத்தையும் மாற்றவில்லை. மீட்டரை வைத்தேன். 4.5 இருந்த இடத்தில் ஆறுக்கு மேல். மாடி அறையின் வெயிலில் டிரான்சிஸ்டர் கசிந்து, மொத்த சமநிலையும் தள்ளிப்போயிருந்தது. டிரிம்மரைக் கொஞ்சம் திருகினேன், 4.5-க்கு வந்தது, சத்தமும் கூடவே வந்தது.

இப்போது பெட்டியின் அடித்தகட்டில், டிரிம்மருக்கு நேராக, சின்ன ஸ்குரூ டிரைவர் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டிருக்கிறேன். ஓட்டையைச் சுற்றி மார்க்கரால் இரண்டு கோடு. ஒன்றின் மேல் “டிச”, இன்னொன்றின் மேல் “மே”.